மருத்துவ ஏடுகளின் அடைவும் அதன் விலையும்

தமிழகத்தை விட்டுப் பல நூறு மைல்களுக்கு அப்பால், தில்லியிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ வாழ்கின்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெரியவருக்கு உடல்நலம் குன்றுகிறது. மருத்துவர் பரிசோதித்துப் பார்த்து, ஒரு நோயின் பெயரைச் சீட்டில் எழுதித் தருகிறார். பெயரோ கிரேக்கமும் இலத்தீனும் கலந்தது. அவர் கூறும் விளக்கமோ நமக்கு அரைகுறையாகவே விளங்குகின்ற மொழியில் அமைந்தது. அன்றிரவு அந்த வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் பெண், தன் கைத்தொலைபேசியில் அந்தப் பெயரைத் தட்டுகிறாள். சில விநாடிகளில், அந்த நோயைப் பற்றி உலகின் பல நாடுகளிலும் மருத்துவர்கள் எழுதியுள்ள ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் பட்டியல் அவள் கண்முன் விரிகிறது. அதற்காக அவள் யாருக்கும் ஒரு காசும் கொடுக்கவில்லை.

இது இயல்பாகவே அமைந்துவிட்ட வசதி என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே தேடலை நடத்துவதற்குப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர் வேண்டும்; தொலைபேசிக் கம்பியோடு இணைந்த ஒரு தட்டச்சுக் கருவி வேண்டும்; மணிக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கிட்டுக் கட்டணமும் செலுத்த வேண்டும். அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, இத்தகைய தேடல் ஒருவர் வாழ்வில் பல மாதங்களை விழுங்கிவிடக் கூடிய உழைப்பாக இருந்தது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? அதன் விலையை யார் யார் கொடுத்தார்கள்? விலை ஏறியபோதும் இறங்கியபோதும் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள்? இவற்றையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். அலுவலகக் காகிதங்களை மொழிபெயர்ப்பதே என் தொழில். நான் மருத்துவனும் அல்லேன், பொறிஞனும் அல்லேன். ஆயினும் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி நூல்களைப் புரட்டுவதில் வாழ்நாளைக் கழித்து வருபவன் என்ற முறையில், தேடுதலின் அருமையை ஓரளவு அறிந்தவன்.

முதலில் அடைவு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு நூலின் இறுதியில், இன்ன பொருள் இன்ன பக்கத்தில் உள்ளது என்று அகர வரிசையில் காட்டும் பகுதியை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு நூலுக்கு மட்டுமன்றி, உலகில் வெளிவரும் மருத்துவ இதழ்கள் அனைத்துக்கும் சேர்த்து அவ்வாறு ஒன்று அமைத்தால் எப்படியிருக்கும்? எந்த நோயைப் பற்றி, யார், எந்த இதழில், எந்த ஆண்டில் எழுதினார் என்பதை அது காட்டும். கட்டுரையை அது தராது. கட்டுரைக்குச் செல்லும் வழியைத் தரும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கதையின் முடிவில் இது மீண்டும் வரும்.

இத்தகைய அடைவைப் பெருமளவில் தொடங்கி வைத்தவர் அமெரிக்க நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ். 1838-ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தில் பிறந்த இவர், 1860-இல் சின்சினாட்டி நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரை, காக்காய் வலிப்பு நோய்க்கு அறுவை மருத்துவம் செய்வது பற்றியது. அத்தகைய அறுவையின் பலன் என்ன என்று அறிவதற்காக அவர் கிடைத்த நூல்களையும் இதழ்களையும் எல்லாம் புரட்ட வேண்டியதாயிற்று. சின்சினாட்டியில் கிடைக்காதவற்றை வேறு நகரங்களில் தேடினார். ஒரு சிறு வினாவுக்கு விடை காண இத்தனை காலமும் உழைப்புமா என்ற மலைப்பு அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பில்லிங்ஸ், போர் முடிந்த 1865-ஆம் ஆண்டில், வாஷிங்டனில் இருந்த இராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் நூலகப் பொறுப்பை ஏற்றார். அப்போது அங்கே இருந்தவை ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களே. ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கம் அரசின் கைக்கு வந்ததும், இந்நூலகம் அந்தக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டது. துயரம் படிந்த அந்த அரங்கிலேதான், நோய் தீர்க்கும் அறிவுக்கு ஒரு பெரிய களஞ்சியம் உருவாயிற்று. பில்லிங்ஸ் முப்பது ஆண்டுகள் உழைத்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை அங்கே சேர்த்தார்.

சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. 1880-ஆம் ஆண்டு முதல் நூலகத்தின் பொருள்வாரிப் பட்டியலைப் பெரும் தொகுதிகளாக வெளியிடலானார். 1895-இல் அதன் முதல் வரிசை பதினாறு தொகுதிகளாக நிறைவெய்தியது. ஆயினும் அகர வரிசையில் ஆண்டுக்கு ஒரு தொகுதியாக வரும் பட்டியல், நேற்று வந்த கட்டுரையை இன்று காட்ட இயலாது. ஆகவே 1879-ஆம் ஆண்டிலேயே, ராபர்ட் ஃபிளெட்சர் என்ற மருத்துவரின் துணையோடு, 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்னும் மாத ஏட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் புதிதாக வந்த மருத்துவ நூல்களையும் கட்டுரைகளையும் அது பொருள்வாரியாகக் காட்டியது.

இங்கேதான் விலை என்னும் சிக்கல் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அடைவைத் தொகுத்தவர்கள் அரசு நூலகத்தார்; அச்சிட்டு விற்றவரோ ஃபிரடெரிக் லேபோல்ட் என்ற தனியார் பதிப்பாளர். அந்த ஏட்டின் தேவையைப் புகழாத மருத்துவர் இல்லை. ஆனால் சந்தா கட்டியவர்கள் மிகச் சிலரே. சந்தாவை உயர்த்திப் பார்த்தார்கள். அப்போதும் செலவுக்குக் கட்டவில்லை. இறுதியில் 1899-ஆம் ஆண்டில் ஏடு நின்று போயிற்று. பின்னர் வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் பொருளுதவி செய்ய முன்வந்த பிறகே 1903-இல் மீண்டும் உயிர் பெற்றது. 1927-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அடைவோடு அது இணைந்தது.

இந்த இருபது ஆண்டு வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. அடைவு என்பது ஊர்க் கிணறு போன்றது. எல்லாருக்கும் அது வேண்டும். ஆனால் வெட்டும் செலவைத் தண்ணீர் மொள்ள வருகிறவரிடம் குடத்துக்கு இவ்வளவு என்று வசூலித்து ஈடுகட்டிவிட முடியாது. ஊர்ப் பொதுப்பணமோ, கொடையாளர் ஒருவரின் செல்வமோ அதற்கு வேண்டும்.

பில்லிங்ஸைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அவர் அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களையும் கவனித்து வந்தார். அங்கே பணி செய்த ஹெர்மன் ஹோலரித் என்ற இளம் பொறிஞரிடம், அட்டைகளில் துளையிட்டு எண்ணும் வேலையை ஒரு பொறி செய்யலாமே என்று அவர் சொன்ன யோசனையே தம் கண்டுபிடிப்புக்கு வித்து என்று ஹோலரித் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அந்தப் பொறி 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பயன்பட்டது. ஹோலரித் நிறுவிய குழுமமே பின்னர் வேறு குழுமங்களோடு இணைந்து ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. காகித அடைவைத் தொடங்கியவரின் பேச்சிலேயே, அந்த அடைவைப் பின்னாளில் விழுங்கப் போகும் பொறிக்கும் விதை இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருத்துவ ஆராய்ச்சி பெருகியது. கட்டுரைகள் வெள்ளமெனப் பெருகின. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் ஒன்றை இயற்றி, பழைய இராணுவ நூலகத்தைத் தேசிய மருத்துவ நூலகம் ஆக்கியது. அச்சட்டத்தைக் கொண்டு வந்தவர்கள் லிஸ்டர் ஹில், ஜான் கென்னடி என்னும் இரு செனட்டர்கள். அப்போதைய நூலக இயக்குநர் ஃபிராங்க் ராஜர்ஸ், இந்த வெள்ளத்தைக் கையால் தொகுத்து அச்சேற்றுவது இனி இயலாது என்று கண்டார். 1960-இல் மருத்துவப் பொருள்களுக்கென ஒரே சீரான தலைப்புச் சொற்களின் பட்டியலை நூலகம் வெளியிட்டது. ஒரே நோயை ஒருவர் ஒரு பெயராலும் மற்றொருவர் வேறு பெயராலும் குறிக்கும்போது, இரண்டையும் ஒரு தலைப்பின் கீழ்க் கொண்டுவரும் கருவி அது. கலைச்சொல் ஒருமைப்பாட்டின் அருமையை, ஒரு சொல்லுக்கு நான்கு மொழிபெயர்ப்புகள் உலவும் நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அவ்வாறு சொற்களை ஒழுங்குபடுத்திய பின்னர், 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் 'மெட்லார்ஸ்' என்னும் கணிப்பொறி ஏற்பாடு இயங்கத் தொடங்கியது. ஹனிவெல் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்று, காந்த நாடாக்களில் பதிந்திருந்த குறிப்புகளைப் படித்து, அச்சுக்கு வேண்டிய பக்கங்களையும் ஒழுங்கு செய்தது. மருத்துவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடைப் பட்டியலையும் தந்தது. ஆனால் அந்தத் தேடல் நடந்த விதத்தைக் கேட்டால் இன்று நமக்கு வியப்பாக இருக்கும். மருத்துவர் தம் வினாவைத் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்புவார். பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் அதைத் தலைப்புச் சொற்களாக மாற்றி எழுதுவார். பல வினாக்கள் சேர்ந்த பிறகு, காந்த நாடாவைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஓட்டுவார்கள். அச்சான பட்டியல் அஞ்சலில் திரும்பும். இதற்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆராய்ச்சியாளருக்கு அது பெரிய உதவி. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் மருத்துவருக்கோ, பட்டியல் வருவதற்குள் நோய் தன் வழியே போயிருக்கும்.

இத்தேடல்களுக்கு அந்நாளில் கட்டணம் இல்லை. பிற நாடுகளுக்கும் காந்த நாடாக்கள் சென்றன. ஆனால் அவை தானமாகச் செல்லவில்லை. பிரிட்டனும் சுவீடனும் போன்ற நாடுகள், தங்கள் பகுதி இதழ்களைத் தாங்களே அடைவு செய்து கொடுத்தன. பதிலாக நாடாக்களைப் பெற்றன. பணத்தால் அன்றி உழைப்பால் கொடுத்த விலை அது.

காத்திருக்கும் காலத்தைக் குறைப்பதே அடுத்த முயற்சி. 1970-ஆம் ஆண்டில், நூறு முக்கியமான இதழ்களின் அடைவை மட்டும் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கணிப்பொறியில் ஏற்றி, தொலைவிலுள்ள நூலகங்கள் தட்டச்சுத் தந்திக் கருவி மூலம் நேரே வினவும்படி சோதனை நடத்தினார்கள். நூலகர் வினாவைத் தட்டினார். விடை உடனே அச்சாயிற்று. சோதனையின் வெற்றியால், 1971 அக்டோபரில் 'மெட்லைன்' என்ற சேவை தொடங்கியது. தொடக்கத்தில் அதில் இருந்தவை 239 இதழ்கள். ஒரே நேரத்தில் தேடக் கூடியவர்கள் 25 பேர். மருத்துவ நூல் தேடல் இவ்வாறு வாரங்களிலிருந்து நிமிடங்களுக்கு இறங்கியது.

தேடல் எளிதானதும் கூட்டம் கூடியது. கணிப்பொறி திணறியது. ஆகவே 1973-இல் கட்டணம் விதித்தார்கள்: கணிப்பொறியோடு தொடர்பு கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 6 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் நம் நாணயத்தில் ஏறத்தாழ 45 ரூபாய். பின்னர் இக்கட்டணம் படிப்படியாக உயர்ந்தது. கூட்டம் மிகுந்த பகல் வேளைக்கு ஒரு விலை, மற்ற வேளைக்குக் குறைந்த விலை என்ற முறையும் வந்தது.

இந்தக் கட்டண முறையின் விளைவு, தொகையைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது. வாடகை வண்டியில் ஏறியவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்வது போல, தேடுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தேட வேண்டியதாயிற்று. யோசித்துத் தேட நேரமில்லை. தவறிப் போனால் திருத்திக்கொள்ளவும் பணம் வேண்டும். எனவே மருத்துவர் தாமே தேடுவது வீண் செலவு என்றாகி, விரைவாகத் தேடத் தெரிந்த நூலகரே நடுவில் நின்றார். அந்த நூலகர்கள் திறமையும் பொறுமையும் மிக்கவர்கள். வினாவை முன்கூட்டியே மருத்துவரோடு பேசித் தெளிவாக்கி, தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகே கருவியில் அமர்வார்கள். அவர்களின் தொண்டு பெரிது. ஆயினும் பெரிய மருத்துவமனையில் பணியாற்றும் மருத்துவருக்கே அத்தகைய நூலகர் கிடைப்பார். சிற்றூர் மருத்துவருக்குக் கிடைப்பதில்லை. நோயாளியோ அந்த அறையின் வாயிலைக்கூடக் காண்பதில்லை.

இதற்கிடையில் வணிகரும் இத்துறையில் புகுந்தனர். லாக்ஹீட் என்ற வானூர்திக் குழுமத்தின் 'டயலாக்' 1972-இலும், 'பி.ஆர்.எஸ்.' என்ற சேவை 1970-களின் பிற்பகுதியிலும் கட்டணத் தேடலை விற்கத் தொடங்கின. நெதர்லாந்தில் 'எக்சர்ப்டா மெடிகா' என்னும் மருத்துவச் சுருக்கத் தொகுப்பைத் தனியார் வெளியிட்டு வந்தனர். அரசு நூலகம் வரிப்பணத்தைக் கொண்டு மலிவாக விற்பது, முதல் போட்டு நடத்தும் தங்களுக்கு நியாயமற்ற போட்டி என்று வணிகர் தரப்பு வாதிட்டது. 'உருவாக்கும் செலவு முழுவதையும் விலையில் சேர்த்து வசூலியுங்கள்' என்பது அவர்கள் கோரிக்கை. இந்தச் சர்ச்சை அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்றது. நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1982-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

வணிகர் கூற்றில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அரசின் விலைக்குக் கீழே எவரும் விற்க முடியாது என்றால், புதிய முயற்சிகள் முளைப்பது அரிது. ஆனால் நூலகத்தின் கொள்கை இது: அடைவைத் தொகுக்கும் செலவை மக்கள் ஏற்கெனவே வரியாகக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்க மருத்துவர்கள் எப்படியும் தங்கள் நாட்டு மக்களுக்காகவே தேடுகிறார்கள். ஆகவே அவர்களிடம் வாங்க வேண்டியது, கம்பி வழியே அடைவை அணுகுவதற்கு ஆகும் செலவு மட்டுமே. கிணறு வெட்டிய கூலியைக் கேட்கவில்லை. கயிற்றுக்கும் வாளிக்கும் மட்டும் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் நம் சீர்காழி தந்த நூலகப் பேரறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் காலத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று வற்புறுத்துகிறது. தேடுகிறவரின் காலத்தைக் காப்பதற்காகவே பிறந்த கணிப்பொறி, காலத்தையே அளந்து விலை கேட்டது என்பது வியப்புக்குரிய முரண் அன்றோ?

இந்த முரணை உடைத்தவை சிறிய கணிப்பொறிகள். 1986-ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ நூலகம் 'கிரேட்ஃபுல் மெட்' என்னும் மென்பொருளை 29 டாலர் 95 சென்ட் விலைக்கு வெளியிட்டது. மருத்துவர் தம் மேசையிலுள்ள கணிப்பொறியில் வினாவை நிதானமாக எழுதித் திருத்திக்கொள்ளலாம். எழுதி முடித்த பிறகே அது தொலைபேசி வழியாகத் தலைமைக் கணிப்பொறியை அழைக்கும். விடையை வாங்கிக்கொண்டு உடனே தொடர்பைத் துண்டிக்கும். இதனால் மீட்டர் ஓடும் நேரம் குறைந்தது. மருத்துவர் தாமே தேடும் துணிவு பெற்றார். அதே காலத்தில் அடைவு முழுவதும் குறுவட்டுகளில் வரத் தொடங்கியது. நூலகம் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டால் போதும். எத்தனை மணி நேரம் தேடினாலும் கூடுதல் செலவில்லை.

நம் நாட்டிலும் அதே 1986-ஆம் ஆண்டில் ஒரு நல்ல தொடக்கம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து, புது தில்லியில் உயிரி மருத்துவத் தகவல் மையம் ஒன்றை நிறுவின. மெட்லார்ஸ் அடைவை இந்திய ஆராய்ச்சியாளர்க்குத் தேடித் தருவது அதன் பணி. பின்னாளில் அம்மையம் மற்றொரு குறையையும் கண்டது: வெளிநாட்டு அடைவில் நம் நாட்டு மருத்துவ இதழ்களில் மிகச் சிலவே இடம் பெற்றிருந்தன. நம் மண்ணின் நோய்களைப் பற்றி நம் மருத்துவர் எழுதியவை அந்தத் தேடலில் அகப்படுவதில்லை. ஆகவே 'இண்ட்மெட்' என்ற பெயரில் இந்திய இதழ்களுக்கென ஓர் அடைவை அம்மையம் உருவாக்கியது. பிறர் தொகுத்த பட்டியலில் நம் பெயர் இல்லையே என்று வருந்துவதோடு நில்லாமல், நாமே தொகுக்கத் தொடங்கியது போற்றத்தக்க செயல்.

இனி, இலவசத்துக்கு வந்த வழியைப் பார்ப்போம். அதற்கு முதல் கதவைத் திறந்தவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களுக்காகப் போராடியவர்களும் ஆவர். மருந்து அறியப்படாத அந்நோயின் கொடுமையில், நோயாளிகள் தாமே மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார்கள். புதிய மருந்துச் சோதனைகளை அறிய விழைந்தார்கள். அவர்களிடம் மணிக்கணக்கில் கட்டணம் கேட்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. 1994-ஆம் ஆண்டில் நூலகம் எய்ட்ஸ் தொடர்பான அடைவுகளை மட்டும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. ஒரு நோய்க்கு இலவசம் என்றால் மற்ற நோய்க்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு நெடுநாள் விடை சொல்லாமல் இருக்க முடியாது அல்லவா?

அதற்குள் இணையம் பரவியது. தனிக் கம்பி வேண்டியதில்லை. ஒரு தேடலுக்கு ஆகும் செலவு மிக அற்பமாயிற்று. கட்டணம் வசூலிக்கக் கணக்கு வைப்பதே சுமையாகத் தோன்றிய நிலையில், 1997 ஜூன் 26-ஆம் நாள், வாஷிங்டனில் நடந்த விழாவில் துணைக் குடியரசுத் தலைவர் ஆல் கோர் தம் கையாலேயே தேடிக் காட்டி, 'பப்மெட்' என்னும் இலவசச் சேவையை உலகுக்குத் திறந்து வைத்தார். அப்போது நூலகத்தின் இயக்குநராக இருந்தவர் டொனால்ட் லிண்ட்பெர்க்.

விளைவு என்ன? தேடல்கள் பத்து மடங்குக்கு மேல் பெருகின. நூலகத்தார் ஆராய்ந்தபோது, தேடுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு மருத்துவரும் அல்லர், ஆராய்ச்சியாளரும் அல்லர் என்று தெரிந்தது. அவர்கள் நோயாளிகள், நோயாளியின் மக்கள், உற்றார் உறவினர். இத்தனை காலம் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள், வாயிற்கட்டணம் நீங்கியதும் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கென எளிய நடையில் 1998-இல் 'மெட்லைன்பிளஸ்' என்ற தனிச் சேவையும் தோன்றியது. 1879-இல் பில்லிங்ஸ் தொடங்கிய அச்சு ஏடு 2004-ஆம் ஆண்டோடு நின்றது. ஒருமுறை பணமின்மையால் நின்ற ஏடு, இம்முறை தேவையின்மையால் நின்றது. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன.

இவ்வளவோடு கதையை முடித்தால் மகிழ்ச்சியான முடிவாக இருக்கும். ஆனால் உண்மை வரலாறு இரண்டு எச்சரிக்கைகளையும் தருகிறது.

முதலாவது, கையருகே கிடைப்பதே எல்லாம் என்று எண்ணிவிடும் பிழை. 2001 ஜூன் மாதத்தில், பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தில், இருபத்து நான்கு வயதே ஆன நலமுள்ள பெண் ஒருவர், ஆஸ்துமா பற்றிய ஆராய்ச்சிக்குத் தாமே முன்வந்து, 'ஹெக்சாமெதோனியம்' என்ற மருந்தை மூச்சு வழியே உட்கொண்டார். நுரையீரல் கெட்டு இறந்து போனார். அந்த மருந்து 1950-களில் இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டு வந்தது; நுரையீரலை அது கெடுக்கக்கூடும் என்று அக்கால இதழ்கள் எழுதியும் இருந்தன. ஆய்வாளர் முன்கூட்டியே தேடியிருந்தார். ஆனால் அவர் நாடிய இணைய அடைவு அந்நாளில் பெரும்பாலும் 1966-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட கட்டுரைகளையே காட்டியது. அதற்கு முந்தியவை நூலகத்து அலமாரியில், விலையில்லாமல் ஆனால் தொடுவாரும் இல்லாமல், தடித்த தொகுதிகளில் உறங்கின. பின்னர் பழைய அடைவுகளும் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. ஆயினும் அந்த உயிர் திரும்பவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை, தொடக்கத்தில் நான் நினைவூட்டியது. அடைவு வழியைத் தருமே ஒழியக் கட்டுரையைத் தராது. வழி இலவசமான பின்னும், கட்டுரைகளில் பெரும் பகுதி பூட்டிய அறையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்கும் இதழ்கள் உண்டு. நம் ஊர் மருத்துவர் ஒருவர் பட்டியலைக் கண்டு, சுருக்கத்தை மட்டும் படித்து, எஞ்சியதை ஊகித்துக்கொள்ளும் நிலை இன்றும் உள்ளது. பூட்டுகளைத் திறக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய 'பப்மெட் சென்ட்ரல்' முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தருகிறது. நம் மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் படிக்கும்படி செய்வது அதன் நோக்கம். பெருநகரக் கல்லூரிக்கும் மாவட்டத் தலைநகரின் மருத்துவக் கல்லூரிக்கும் இடையே இருந்த வேற்றுமை இதனால் குறையும். ஆயினும் தனியாகத் தொழில் நடத்தும் சிற்றூர் மருத்துவரும், நோயாளியின் வீட்டாரும் இந்தச் சந்தாவின் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

நேயர்களே, நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. இலவசம் என்ற சொல்லுக்குச் செலவில்லாதது என்று பொருளில்லை. செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார் என்பதே பொருள். கார்னெகியின் கொடையும், அமெரிக்க மக்களின் வரியும், நூறாயிரம் கட்டுரைகளுக்குத் தலைப்புச் சொல் தேர்ந்த பெயர் தெரியாத அலுவலர்களின் உழைப்பும் சேர்ந்தே அந்தப் பட்டியலை நம் கைக்குக் கொண்டு வந்திருக்கின்றன. அவ்வாறு ஏற்றுக்கொள்வோர் கைவிட்டால், 1899-இல் நின்றது போல மீண்டும் நிற்கக் கூடும். வாயிலில் என்ன விலை வைக்கிறோம் என்பதே, உள்ளே யார் வருவார் என்பதை முடிவு செய்கிறது.

அயலூரில் நோயோடு போராடும் நம் குடும்பங்களுக்கு ஒரு சொல். இரவில் தேடிக் கண்ட பட்டியலைக் கொண்டு நாமே மருந்து முடிவு செய்துவிட வேண்டாம்; ஒரு கட்டுரையைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கண்டவற்றிலிருந்து இரண்டு, மூன்று வினாக்களைத் தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் மருத்துவரிடம் பணிவோடும் தெளிவோடும் கேளுங்கள். மொழி தெரியாத ஊரிலும் ஒழுங்காகக் கேட்ட வினாவுக்கு மதிப்பு உண்டு. அன்று சின்சினாட்டியில் ஓர் இளைஞர் மாதக் கணக்கில் ஏடுகளைப் புரட்டித் தவித்தார். இன்று நம் வீட்டுப் பெண் அதே வழியில் சில விநாடிகளில் நடந்து முடித்து, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.